ஒரு கரண்டி உறைமோர்: வாட்ஸ்அப் வியாபாரம் எப்படி இயங்குகிறது?

2018 அக்டோபர் 23. தீபாவளிக்குச் சரியாக இரண்டு வாரம் இருந்தது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஏ.கே. சிக்ரி, அசோக் பூஷண் அமர்வு, அர்ஜுன் கோபால் வழக்கில் உத்தரவு பிறப்பித்தது. சரவெடிக்குத் தடை, பேரியம் உப்புக்குத் தடை, தீபாவளியன்று வெடிக்க இரண்டே மணி நேரம் என்று சிவகாசியைக் கலங்கடித்த கட்டளைகள் அதில் பல. அவற்றின் நடுவே இன்னொன்றும் இருந்தது. ஃபிளிப்கார்ட், அமேசான் உட்பட எந்த இணைய வணிகத் தளமும் பட்டாசுக்கு ஆர்டர் எடுக்கக் கூடாது. மீறினால் நீதிமன்ற அவமதிப்பு.

பெரிய தளங்கள் விலகிக்கொண்டன. ஆனால் அதற்குள் நாட்டில் வேறு மூன்று காரியங்கள் நடந்து முடிந்திருந்தன. 2016இல் யு.பி.ஐ. வந்து, போன் நம்பருக்கே பணம் அனுப்பலாம் என்றானது. அதே ஆண்டு ஜியோ வந்து, வீடியோ பார்க்கும்போது டேட்டா கணக்குப் பார்க்கும் பழக்கம் போனது. 2018 ஜனவரியில் சிறு கடைகளுக்கென்றே வாட்ஸ்அப் பிசினஸ் வந்தது. தளத்தில் நடக்க முடியாமல் போன வியாபாரம், ஆளுக்கு ஆள் பேசிக்கொள்ளும் இடத்தில் நடக்கத் தொடங்கியது.

விருதுநகரிலிருந்து ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசி போகிற வட்டாரத்தில் இருக்கிறது ஆனைக்குட்டம். அர்ச்சுனா நதியின் நீர்த்தேக்கம், சுற்றிலும் கரிசல் காடு, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நிற்கும் பட்டாசு ஆலை அறைகள். இந்தப் பக்கத்துக் கடைப் பலகைகளில் கடைப்பெயருக்கு இணையாக வாட்ஸ்அப் எண்ணும் எழுதியிருக்கிறது. ஓசூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். இந்தப் பக்கம் ஒருநாளும் வந்தறியாதவர். அவர் இங்குள்ள ஒரு கடைக்கு நாலாயிரம் ரூபாயை முன்கூட்டியே அனுப்புகிறார். கடையைப் பார்த்ததில்லை, கடைக்காரரைத் தெரியாது, பணத்துக்குப் பொறுப்பேற்று நடுவில் நிற்க ஒரு நிறுவனமும் இல்லை. எந்தத் தைரியத்தில் அனுப்புகிறார்?

இதற்கு விளக்கம் அடுப்படியில் கிடைக்கிறது. பால் தயிராக உறைகிற விதத்தைப் பார்த்தால், இந்த வியாபாரம் நடக்கிற விதமும் புரிந்துவிடும்.

பாலைக் காய்ச்சுகிறோம். பொங்கியதும் இறக்கி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு, ஏறக்குறைய 40 டிகிரிக்கு, ஆறவிடுகிறோம். ஒரு கரண்டி உறைமோர் ஊற்றிக் கலக்கி, அசையாத இடத்தில் மூடி வைக்கிறோம். ஆறேழு மணி நேரத்தில், அந்தக் கரண்டி மோரில் இருந்த நுண்ணுயிர்கள் பாலின் சர்க்கரையைத் தின்று பெருகி, அமிலம் உண்டாக்கி, புரதத்தைக் கட்டிவிடுகின்றன. உறைமோர் இல்லை என்றால் பக்கத்து வீட்டில் வாங்குவோம். நாளைக்கு உறை ஊற்ற இன்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து வைப்போம். செய்முறை இவ்வளவுதான். இதன் ஒவ்வொரு படியும் இந்த வியாபாரத்தில் இருக்கிறது.

பாலும் சூடும்

பால் என்பது சரக்கு. லட்சுமி வெடி, குருவி வெடி, தரைச்சக்கரம், புஸ்வாணம், கம்பி மத்தாப்பு, பென்சில், ராக்கெட், பேன்சி ரகம் என்று நீளும் விலைப்பட்டியல். எந்தக் கடையின் பட்டியலை எடுத்தாலும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். எல்லாவற்றிலும் 80 சதவீதத் தள்ளுபடி என்று போட்டிருக்கும். பெட்டியில் அச்சிட்ட விலையையே அதற்கேற்ப ஏற்றி வைத்திருப்பதால் அந்தத் தள்ளுபடியை வைத்துக் கடையைத் தரம் பிரிக்க முடியாது. வாங்குபவர் இரண்டு பட்டியலில் ஒரே ரகத்தின் நிகர விலையை ஒப்பிட்டால் மட்டுமே ஏதாவது தெரியும்.

பெரிய இணையத் தளத்தில் வாங்குவது பாக்கெட் தயிர் வாங்குவது. கம்பெனி முத்திரை இருக்கிறது, தேதி இருக்கிறது, கெட்டிருந்தால் திருப்பிக் கொடுக்க இடம் இருக்கிறது. விற்பவர் யார் என்று நாம் கேட்பதே இல்லை. பட்டாசுக்கு அந்தப் பாக்கெட் கிடையாது. வீட்டில்தான் உறைய வைத்தாக வேண்டும்.

சூடு என்பது கவனம். யூடியூப்காரர் ஒருவர் கடைக்குள் கேமராவுடன் நுழைகிறார். ரகம் ரகமாகக் கையில் எடுத்துக் காட்டி விலை சொல்கிறார். திரையின் அடியில் கடையின் எண் ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் அதுவே அரை நிமிடமாகச் சுருங்குகிறது. இந்த வீடியோவை யாருக்கெல்லாம் காட்டுவது என்பதை அந்தச் செயலி மனிதர்களின் நடத்தையை வைத்துத் தீர்மானிக்கிறது. முதலில் கொஞ்சம் பேருக்குக் காட்டிப் பார்க்கிறது. அவர்கள் கடைசிவரை பார்த்தார்களா, லைக் போட்டார்களா, எல்லாவற்றுக்கும் மேலாக வேறொருவருக்கு அனுப்பினார்களா என்று கவனிக்கிறது. அனுப்பினார்கள் என்றால் இன்னும் பெரிய கூட்டத்துக்குக் காட்டுகிறது. ஆக, ஒரு வீடியோ ஓசூர்க்காரரின் போனுக்கு வந்து சேர்வதே வேறு யாரோ ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பியதன் விளைவு. விளம்பரக் கட்டணத்தைக் கூட்டிக் கொடுத்தும் பரப்பலாம். ஆனால் காசு நின்றதும் அது நின்றுவிடும்.

இந்த இடத்தில்தான் புதிதாக இறங்குகிறவர்கள் தடுமாறுகிறார்கள். வீடியோ லட்சம் பேரைத் தொட்டுவிட்டது என்றால் வியாபாரமே முடிந்துவிட்டது போல நினைக்கிறார்கள். பால் பொங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பொங்குகிற பாலில் உறைமோரை ஊற்றினால் மோரில் இருக்கும் உயிர் செத்துப் போகும், பால் உறையாது. ஒரே நாளில் ஆயிரம் பேர் "லிஸ்ட் அனுப்புங்க" என்று கேட்டு, இரண்டு நாள் கழித்துத்தான் பதில் போகிறது என்றால், அதே வீடியோவின் கீழே "போன் எடுக்கவே மாட்டேங்கிறாங்க" என்று எழுதிவிடுவார்கள். அடுத்து வந்து பார்க்கும் ஆயிரம் பேர் முதலில் படிப்பது அந்த வரியைத்தான். எத்தனை பேருக்கு ஒரே நாளில் பதில் சொல்ல முடியுமோ, அத்தனை பேருக்கு மட்டும் காட்டிக்கொள்வது நல்லது.

உறைமோர் எங்கிருந்து வருகிறது?

இதுதான் இந்தக் கட்டுரையின் மையம். பாலை எவ்வளவு காய்ச்சினாலும் தானாகத் தயிராகாது. ஏற்கனவே தயிராக இருந்த ஒன்றிலிருந்து ஒரு கரண்டி வர வேண்டும். வியாபாரத்தில் அந்தக் கரண்டி, ஏற்கனவே வாங்கியவர் ஒருவரின் சொல்.

ஓசூர்க்காரர் பணம் அனுப்பும் தைரியம் அங்கிருந்துதான் வந்தது. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் பி பிளாக் வீட்டுக்காரர் போன தீபாவளிக்கு அந்தக் கடையில் வாங்கினார். பெட்டி முழுசாக வந்தது, சரக்கு நமுத்துப் போகவில்லை. இந்த வருடம் யாரோ கேட்டபோது நம்பரைப் போட்டார். வீடியோவைப் பத்து தடவை பார்த்தும் அசையாத மனசு, தினமும் லிப்டில் பார்க்கிற ஒரு மனிதர் "நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொன்னதும் அசைந்துவிடுகிறது. ஏனென்றால் பி பிளாக்காரர் பொய் சொன்னால் நாளைக்கு அவர் முகத்தை நாம் பார்க்க முடியும். விளம்பரத்தில் பேசுகிறவரிடம் அந்தப் பிடி நமக்கு இல்லை.

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் இல்லை. தீபாவளிச் சீட்டு நமக்குத் தெரியும். தெருவில் ஒருவர், பெரும்பாலும் ஓர் அக்கா, மாதம் இவ்வளவு என்று பத்து மாதம் வசூலித்து, தீபாவளிக்கு முன்னால் பட்டாசுப் பெட்டி, இனிப்பு, பாத்திரம் என்று கொடுப்பார். கடைக்காரர் முகம் யாருக்கும் தெரியாது. சீட்டுப் பிடிக்கிற அக்காவை எல்லோருக்கும் தெரியும். பணம் அந்த அறிமுகத்தை நம்பித்தான் போனது. வாட்ஸ்அப் குழு அதையே வேகமாகச் செய்கிறது. பத்து மாதம் என்பது பத்து நாளாகிவிட்டது. பல பட்டியல்களில் குறைந்தபட்ச ஆர்டர் 2,500 அல்லது 3,000 ரூபாய் என்று இருப்பதால், நாலு வீடு சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடுகிறது. லாரி வாடகையும் பங்காகிவிடும்.

இந்தியா முழுக்க இதை ஒரு பெரிய தொழிலாக ஆக்கிக் காட்டியது மீஷோ. தில்லி ஐ.ஐ.டி.யில் படித்த விதித் ஆத்ரேவும் சஞ்சீவ் பர்ன்வாலும் 2015இல் தொடங்கியது. வீட்டிலிருக்கும் பெண்கள் சேலைப் படங்களைத் தங்கள் வாட்ஸ்அப் வட்டத்தில் போட்டு, தங்கள் லாபத்தை விலையில் சேர்த்து விற்றார்கள். சரக்கும் டெலிவரியும் மீஷோ பொறுப்பு. நம்பிக்கை அந்தப் பெண்கள் பொறுப்பு. 2019இல் பேஸ்புக் முதன்முதலாகப் பணம் போட்ட இந்தியப் புதுநிறுவனம் இதுதான். பிறகு வாடிக்கையாளர்கள் நேரடியாகவே செயலியில் வாங்கப் பழகியதும், நடுவிலிருந்த பெண்களின் முக்கியத்துவம் குறைந்துகொண்டே போனது. கரண்டி மோரைத் தந்தவருக்குத் தயிரில் பங்கு தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து. அது தானாக நடப்பதில்லை என்பதற்கு மீஷோவின் கதை ஒரு சாட்சி.

சொல்வதற்கு ஒரு பழைய வாடிக்கையாளர்கூட இல்லாத புதுக் கடை என்ன செய்யும்? உறைமோர் கிடைக்காதபோது பாலில் பச்சை மிளகாய்க் காம்பைப் போட்டு வைப்பார்கள். முதல் நாள் தளதளவென்று, பாதி உறைந்துதான் வரும். அதிலிருந்து எடுத்து இரண்டாம் முறை உறை ஊற்றினால் சரியாக உறையும். புதுக் கடைக்கும் முதல் சீசன் அப்படித்தான் இருக்கும். சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள், ஊர் விட்டு வெளியே வேலைக்குப் போனவர்கள் என்று முப்பது, நாற்பது பேருக்கு மட்டும் ஒழுங்காக அனுப்பினால், அடுத்த வருடத்துக்கு உறைமோர் தயார்.

அசைக்காமல் வைப்பது

உறை ஊற்றிய பாத்திரத்தை அடிக்கடி திறந்து ஆட்டிப் பார்த்தால் தயிர் கட்டியாக வராது. நம்பர் கிடைத்ததற்கும் பணம் போவதற்கும் இடையே ஒரு காலம் இருக்கிறது. அது பேச்சில் கழிகிறது. பேச்சு பெரும்பாலும் இந்த ரீதியில் போகும்:

"அண்ணாச்சி, எங்க அபார்ட்மென்ட்ல பி பிளாக் சார் நம்பர் குடுத்தாரு. போன வருசம் உங்ககிட்டதான் வாங்கினாராம்."

"ஆமா சார், ஓசூருக்குப் போட்டோம்ல. சொல்லுங்க. வீட்டுல சின்னப் பிள்ளைக இருக்கா?"

"ரெண்டு பேரு. சின்னவளுக்குச் சத்தம் ஆகாது."

"அப்பம் வெடியக் குறைச்சுட்டு மத்தாப்பு, புஸ்வாணம் கூடப் போட்டுக்கிடுங்க. பாம்பு மாத்திரை மட்டும் வேண்டாம் சார், புகை சாஸ்தி."

விற்கக்கூடிய ஒரு ரகத்தை வேண்டாம் என்று சொன்ன அந்த இடத்தில்தான் ஓசூர்க்காரர் மனசு கட்டுகிறது. பாம்பு மாத்திரையின் புகை மற்ற ரகங்களைவிட அதிகம் என்பது உண்மையும்கூட. இதை எந்தத் தளத்தின் 'உங்களுக்கான பரிந்துரை'யும் சொல்லாது. சீசனில் ஒரு கடை இந்த வேலைக்கென்றே போனும் கையுமாக நாலைந்து பெண்பிள்ளைகளை உட்கார வைப்பது இதனால்தான். தமிழில் ஒருவர், இந்தியில் ஒருவர், தெலுங்கோ கன்னடமோ தெரிந்த ஒருவர்.

பிறகு வேலை வேகமாக நடக்கும். பட்டியலில் எண்ணிக்கை போட்டால் 'எஸ்டிமேட்' என்று ஒரு தொகை வரும். பணம் கட்டும் பொத்தான் அங்கே இருக்காது. போனில் உறுதி செய்து கணக்குக்கு அனுப்ப வேண்டும். பெட்டி கட்டியதும் போட்டோ வரும். லாரி ஆபீசில் புக்கிங் ஆனதும் எல்.ஆர். என்கிற லாரி ரசீதின் போட்டோ வரும். பெட்டி வீட்டு வாசலுக்கு வராது. ஊரிலுள்ள லாரி ஷெட்டுக்குப் போய், எல்.ஆர். நம்பரைக் காட்டி, வாடகையைக் கட்டி எடுத்து வர வேண்டும். ஒவ்வொரு போட்டோவும் அனுப்பியவருக்கு ஒரு நிமிட வேலை, பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவருக்கு ஒரு நாள் நிம்மதி.

தீபாவளி முடிந்த மறுநாள் கடைக்காரர் கேட்பது அடுத்த வருடத்து உறைமோரைத்தான். "பிள்ளைக வெடிச்ச வீடியோ இருந்தா அனுப்புங்க சார்." அந்த வீடியோ கடையின் ஸ்டேட்டஸில் ஏறும். அதைப் பார்க்கும் இன்னொருவர் வேறொரு குழுவில் நம்பரைப் போடுவார்.

இருபுறமும் என்ன மாறியிருக்கிறது?

வியாபாரிக்குப் பெரிய மாற்றம் பணத்தின் திசை. பழைய முறையில் ஆலை மொத்த வியாபாரிக்கும், அவர் சில்லறைக் கடைக்கும் கடனுக்குச் சரக்குக் கொடுத்து, தீபாவளி முடிந்தபின் வசூலுக்கு அலைய வேண்டும். மழை பெய்து வியாபாரம் படுத்தால் பாக்கியும் படுக்கும். இப்போது சரக்கு கிளம்புவதற்கு முன்பே முழுப்பணமும் வந்துவிடுகிறது. ஒரு சிறு கடைக்காரர் வட்டிக்கு வாங்காமல் ஒரு சீசனை ஓட்ட முடிவது சாதாரண விஷயமில்லை. வாடிக்கையாளரின் ருசியும் நேராகத் தெரிகிறது. சத்தம் குறைந்த ரகங்களை எந்த ஊரில் அதிகம் கேட்கிறார்கள் என்பது போன்ற செய்தி முன்பு இரண்டு மூன்று கைகள் மாறி, அடுத்த வருடம்தான் இங்கே வந்து சேரும்.

நட்டப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். கோவையிலோ திருச்சியிலோ முறையாக உரிமம் எடுத்து, தீயணைப்புத் துறை அனுமதி வாங்கி, வாடகை கொடுத்துக் கடை போட்டிருக்கும் சில்லறை வியாபாரி, தன் தெருவுக்கே நேராக ஆனைக்குட்டம் பக்கத்திலிருந்து பெட்டி வருவதைப் பார்க்கிறார். அவருடைய முறையீட்டில் நியாயம் உண்டு.

இணைய விற்பனைக்கு 2018இல் வந்த தடையும் நீங்கிவிடவில்லை. 2025 அக்டோபர் 15 அன்று தில்லி வட்டாரத்தில் பசுமைப் பட்டாசுக்குச் சில நாள் அனுமதி தந்தபோதும், இணைய வணிகத் தளங்கள் வழியாக விற்க உச்ச நீதிமன்றம் இடம் தரவில்லை. 'எஸ்டிமேட்', 'விசாரணை' என்று பெயர் மாற்றிக்கொள்வதால் சட்டத்தின் முன் முழுப் பாதுகாப்பு கிடைத்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. பட்டாசைத் தபாலிலும் அனுப்பக் கூடாது. ரயிலில் கொண்டுபோனால் ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை. 2023 அக்டோபர் 7 அன்று ஓசூருக்குப் பக்கத்தில், கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியில், லாரியிலிருந்து பட்டாசுப் பெட்டிகளை இறக்கும்போது பற்றிய தீயில் 14 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் தீபாவளி சீசன் வேலைக்குப் போன தமிழ்நாட்டுப் பிள்ளைகள். பெட்டியைக் கட்டுவதும் ஏற்றுவதும் இறக்குவதும் மனிதர்கள். கடைசி வாரத்தில் ஆர்டர் குவியும்போது அந்தக் கைகள்தான் அவசரப்படுத்தப்படுகின்றன. புரட்டாசி முதல் வாரத்திலேயே ஆர்டர் போடுவது வாங்குபவர் அவர்களுக்குச் செய்யக்கூடிய உதவி.

எலுமிச்சைச் சாறு

பாலில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் நொடியில் திரிந்து கட்டியாகிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் தயிர் போலவே இருக்கும். ஆனால் அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து நாளைக்கு உறை ஊற்ற முடியாது. காசு கொடுத்து வாங்கிய கமெண்ட், காசு கொடுத்துச் சேர்த்த பின்தொடர்வோர், காசு வாங்கியதைச் சொல்லாமல் புகழும் வீடியோ எல்லாம் அந்த வகை.

இது ஏன் பலிக்கிறது என்பதற்கு நல்ல ஆய்வு ஒன்று உண்டு. 2006இல் மாத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டது. யாரும் கேட்டறியாத 48 பாடல்களை 14,000க்கும் மேற்பட்டவர்கள் முன்னால் இணையத்தில் வைத்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பாடல் மட்டும் தெரியும். மற்றவர்களை எட்டுக் கூட்டங்களாகப் பிரித்து, அவரவர் கூட்டத்தில் எத்தனை பேர் அந்தப் பாடலை இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். எண்ணிக்கை தெரிந்த கூட்டங்களில் முந்திய பாட்டு மேலும் மேலும் முந்தியது. ஆனால் ஒரு கூட்டத்தில் முந்திய பாட்டு இன்னொரு கூட்டத்தில் பின்தங்கிக் கிடந்தது. மிக மோசமான பாட்டு அரிதாகத்தான் ஜெயித்தது, மிக நல்லது அரிதாகத்தான் தோற்றது. நடுவிலிருந்த பெரும்பகுதியின் தலைவிதியை யார் முதலில் கை தூக்கினார்கள் என்பதே தீர்மானித்தது. பட்டாசுப் பட்டியல்கள் எல்லாம் ஒன்றுபோல இருப்பதால் ஏறக்குறைய எல்லாக் கடைகளும் அந்த நடுப்பகுதியில்தான் வருகின்றன. அதனால் முதல் நூறு கமெண்டைக் காசுக்கு வாங்கத் தோன்றுகிறது.

சட்டம் இதற்கும் வந்திருக்கிறது. இணைய விமர்சனங்களுக்கென இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தர விதியை வெளியிட்டது. பணமோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு ஒன்றைப் பரிந்துரைப்பவர் அதைப் பார்வையில் படும்படி சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஏமாற்று விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. கடைக்குள் நின்று விலை சொல்லும் நம் யூடியூப்காரர்கள் "இது கட்டணம் பெற்ற வீடியோ" என்று ஒரு வரி போட்டால் அவர்கள் மதிப்புக் கூடத்தான் செய்யும். போடுகிறவர்கள் இன்னும் குறைவு.

இதற்கும் அடுத்தது அப்பட்டமான மோசடி. ஒரு நிஜக் கடையின் போட்டோக்களையும் பெயரையும் எடுத்து, எழுத்து ஒன்றை மட்டும் மாற்றி இன்ஸ்டாகிராமில் பக்கம் திறப்பார்கள். விலை மற்றவர்களைவிடப் பாதி. "இன்று இரவு வரை மட்டும்" என்று அவசரம். பணம் ஒரு தனிநபர் கணக்குக்குப் போகும். பிறகு ஜி.எஸ்.டி., லாரி வாடகை என்று இரண்டாவது தடவை கேட்பார்கள். அதன்பிறகு அந்த எண் இருக்காது. தமிழ்நாடு இணையவழிக் குற்றப்பிரிவு 2024 தீபாவளிக்கு முன்னால் இதைப் பற்றியே எச்சரிக்கை விட்டது. சட்டத்துக்கு முன்னால் தெளிவில்லாத வியாபாரம் என்பது மோசடிக்காரனுக்கு வசதி. ஏமாந்தவர் போலீசுக்குப் போகத் தயங்குவார் என்று அவன் கணக்குப் போடுகிறான். பழி என்னவோ பெயர் திருடப்பட்ட நிஜக் கடைக்காரர் தலையில் விழுகிறது.

தடை எதுவும் இல்லாத சரக்குகளுக்கு, தெரிந்தவர் சொல்லை நம்பி நடக்கும் இந்த வாட்ஸ்அப் வழி இன்னும் நன்றாகப் பொருந்தும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, சாத்தூர் சேவு, அருப்புக்கோட்டைச் சேலை எல்லாம் இதே விருதுநகர் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. கூரியரில் போகும், உறவு வட்டத்தில் நம்பர் பரவும், குறையிருந்தால் சட்டப்படி கேட்கலாம். வெடிக்காரர்கள் கட்டாயத்தால் கற்றுக்கொண்ட இந்தத் தொழிலை, கட்டாயம் இல்லாத பால்கோவாக்காரரும் தறிக்காரரும் எடுத்துக்கொண்டால் அவர்களுக்கு ஆண்டு முழுவதும் சீசன்தான்.

தீபாவளிக்கு வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பக்கத்தில் உரிமம் பெற்ற கடை இருந்தால் அங்கே போய் வாங்குவதே சட்டத்துக்கும் பணத்துக்கும் பாதுகாப்பு. சிவகாசிப் பக்கம் வர முடிந்தால் வந்து கடையில் வாங்குங்கள். போனில் பேசுகிற கடை எதுவாக இருந்தாலும் வெடிபொருள் உரிமத்தின் எண்ணைக் கேளுங்கள். ஜி.எஸ்.டி. எண்ணை அரசு இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பதிவுப் பெயரும் கடைப்பெயரும் பொருந்த வேண்டும். வீடியோ காலில் கடைவாசலையும் பெயர்ப் பலகையையும் காட்டச் சொல்லுங்கள். பணம் கேட்கும் கணக்கு தனிநபர் பெயரில் இருந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். ஏற்கனவே வாங்கியவர் ஒருவரிடம், கமெண்டில் பார்த்தவரிடம் இல்லாமல் முகம் தெரிந்தவரிடம், கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கத்தில் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல் 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்கு முன்னால் வங்கியால் அதை நிறுத்திவைக்க முடியும்.